கவிழ்த்த மறுநாள் சம்பளம் யார் கொடுப்பது?

2003 மே 23 அன்று பாக்தாதில் ஓர் உத்தரவு வெளியானது. இராக் ராணுவம் கலைக்கப்பட்டது என்பதே அதன் சாரம். சுமார் நான்கு லட்சம் பேர் ஒரே கையெழுத்தில் வேலையிழந்தார்கள். தோற்றுப்போன படையைக் கலைப்பதில் என்ன இருக்கிறது என்றுதான் அன்று பலரும் நினைத்தார்கள். ஆனால் அந்த நான்கு லட்சம் பேரும் ஆயுதம் பழகியவர்கள். எந்தக் கிடங்கில் என்ன வெடிமருந்து இருக்கிறது என்று அறிந்தவர்கள். மாதம் பிறந்தால் குடும்பத்துக்குச் சோறு போட வேண்டியவர்கள். சில நாட்களிலேயே அவர்கள் அமெரிக்க நிர்வாகம் குடியேறியிருந்த மாளிகையின் வாசலில் கூடிச் சம்பளம் கேட்டார்கள். ஜூன் 18 அன்று அப்படிக் கூடியவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்து இரண்டு பேர் இறந்தார்கள். ஐந்து நாள் கழித்து, முன்னாள் படையினருக்கு உதவித்தொகை தரப்படும் என்று அறிவித்தார்கள். அதற்குள் ஒரு மாதம் ஓடிவிட்டது. அந்த ஒரு மாதத்தில் வேறு பலர் அவர்களைத் தேடிப்போய்ப் பேசியிருந்தார்கள்.

ஒரு நாட்டின் ஆட்சியை வெளிநாடு ஒன்று முன்னின்று கவிழ்த்தால் அடுத்து என்ன மாதிரியான அரசு வரும்? இந்தக் கேள்வி எழும்போதெல்லாம் விவாதம் உடனே இரண்டு சொற்களுக்குள் அடைபட்டுவிடுகிறது: ஜனநாயகம் வருமா, பொம்மை அரசு வருமா. அதற்கு முன்னால் கேட்க வேண்டிய ஒன்று இருக்கிறது என்பது என் கருத்து. பழைய ஆட்சியாளர் போன மறுநாள் காலையில் போலீஸ்காரருக்கும் ஆசிரியருக்கும் மின்வாரிய ஊழியருக்கும் சிப்பாய்க்கும் யார் சம்பளம் கொடுக்கப் போகிறார்கள்? அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? சம்பளப் பட்டியலிலிருந்து யாருடைய பெயரை அடிக்கிறார்கள்? கடந்த இருநூறு ஆண்டுகளின் ஆட்சிக் கவிழ்ப்புகளை இந்தக் கேள்விகளோடு அணுகினால், பின்னால் வந்த அரசுகளின் முகம் ஓரளவு முன்கூட்டியே தெரிகிறது.

தலையை மட்டும் மாற்றுவது

கவிழ்ப்பவர்களுக்கு மிக மலிவான வழி, அரசு இயந்திரத்தை அப்படியே விட்டுவிட்டு மேலே இருப்பவரை மட்டும் அகற்றுவது. 1953 ஆகஸ்டில் ஈரானில் நடந்தது அதுதான். பிரதமர் முகமது மொசாதெக் 1951இல் எண்ணெய்த் தொழிலை நாட்டுடைமை ஆக்கியிருந்தார். பிரிட்டன் ஈரானின் எண்ணெயை உலகச் சந்தையில் விற்கவிடாமல் தடுத்தது. பிறகு அமெரிக்க உளவுத்துறையும் பிரிட்டிஷ் உளவுத்துறையும் சேர்ந்து அவரைக் கவிழ்க்கத் திட்டமிட்டன. முதல் முயற்சி தோற்று மன்னர் ஷா நாட்டைவிட்டே ஓடினார். ஆகஸ்ட் 19 அன்று இரண்டாம் முயற்சி வென்றது. ஜெனரல் ஜாஹெதி பிரதமரானார், ஷா திரும்பி வந்தார்.

புதிய அரசு பதவியேற்றபோது கஜானா காலி. சில வாரங்களிலேயே அமெரிக்கா 45 மில்லியன் டாலர் அவசர உதவி கொடுத்தது. அந்த உதவி இல்லாமல் ஜாஹெதி அரசு ஊழியர்களுக்குச் சம்பளம் போடுவதே கடினமாக இருந்திருக்கும். அடுத்த ஆண்டே எண்ணெய் ஒப்பந்தம் புதிதாக எழுதப்பட்டு, அமெரிக்க நிறுவனங்களுக்கு 40 சதவீதப் பங்கு போனது. 1957இல் சாவாக் என்ற ரகசியப் போலீஸ் அமைப்பு உருவானது.

இந்த நிகழ்வுகள் ஒன்றிலிருந்து ஒன்று பிறந்தவை. வெளியாரின் தயவில் அரியணைக்குத் திரும்பியவர் மக்களிடம் போய் ஓட்டுக் கேட்கத் துணிய மாட்டார். கேட்டால் என்ன பதில் வரும் என்று அவருக்கே தெரியும். எனவே அவருக்கு வாக்குப்பெட்டியைவிடப் போலீஸ் அதிகம் தேவைப்படுகிறது. கவிழ்த்தவர்களுக்கும் அதுவே வசதி. ஒப்பந்தத்தைக் காப்பாற்றக்கூடிய ஒரே ஒரு மனிதரோடு பேசுவது எளிது. கொந்தளிக்கும் ஒரு நாடாளுமன்றத்தோடு பேசுவது கடினம். இருபத்தாறு ஆண்டுகள் அந்த ஏற்பாடு தாக்குப்பிடித்தது. 1979இல் அது உடைந்தபோது, தெஹ்ரான் தெருக்களில் இறங்கியவர்கள் 1953ஐ மறந்திருக்கவில்லை. அந்த ஆண்டு நவம்பரில் அமெரிக்கத் தூதரகத்தைக் கைப்பற்றிய மாணவர்கள், இன்னொரு கவிழ்ப்பு இங்கிருந்துதான் திட்டமிடப்படுகிறது என்று உண்மையாகவே அஞ்சினார்கள்.

குவாத்தமாலாவில் விளைவு இன்னும் கொடியது. 1954இல் அதிபர் ஆர்பென்ஸின் ஆட்சியை அகற்றி அமெரிக்கா கொண்டுவந்த காஸ்தியோ ஆர்மாஸ் மூன்றே ஆண்டுகளில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆர்பென்ஸ் ஏழைகளுக்குப் பிரித்துக்கொடுத்த நிலம் அதற்குள் பழைய உடைமையாளர்களிடம் திரும்பிப் போயிருந்தது. 1960இல் தொடங்கிய உள்நாட்டுப் போர் 1996 வரை நீடித்தது. இரண்டு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள் அல்லது காணாமல் போனார்கள் என்று உண்மை கண்டறியும் ஆணையம் மதிப்பிட்டது. அவர்களில் பெரும்பாலோர் மாயா இனத்தவர். கவிழ்ப்புக்குச் சில மாதங்களே பிடித்தன, அதன் கணக்கை நாற்பது ஆண்டுகளாக எளிய மக்கள் தீர்த்தார்கள். இதை எழுதும்போது ‘விளைவு’ என்ற சொல்லே எனக்குச் சிறியதாகப்படுகிறது.

இரண்டு எஜமானர்கள்

வெளியிலிருந்து அமர்த்தப்படும் ஆட்சியாளருக்கு இரண்டு எஜமானர்கள். ஒருவர் அவரை அமர்த்தியவர், மற்றவர் அவர் ஆளும் மக்கள். முதலாமவர் சொல்வதைக் கேட்டால் மக்கள் கொதிப்பார்கள். மக்கள் பக்கம் சாய்ந்தால் அமர்த்தியவர் வேறு ஆளைத் தேடுவார். காபூலில் இந்தக் கதை மூன்று முறை அரங்கேறியிருக்கிறது.

முதல் முறை 1839. பிரிட்டிஷ் இந்தியப் படை, முப்பது ஆண்டுகளாக நாட்டைவிட்டு வெளியே இருந்த ஷா ஷூஜாவைத் தூக்கிக்கொண்டு போய்க் காபூல் அரியணையில் அமர்த்தியது. ஆட்சி நடந்தது படையால் மட்டும் இல்லை. மலைக் கணவாய்களைக் கட்டுப்படுத்திய கில்சாய் பழங்குடித் தலைவர்களுக்குப் பிரிட்டிஷார் மானியம் கொடுத்துவந்தார்கள். செலவைக் குறைக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து நெருக்கடி வரவே, 1841 இலையுதிர் காலத்தில் அந்த மானியத்தை வெட்டினார்கள். கில்சாய்கள் உடனே கணவாய்களை அடைத்தார்கள். அடுத்த ஜனவரியில் காபூலிலிருந்து பின்வாங்கிய படையினரும் அவர்களோடு நடந்த பணியாளர் குடும்பங்களுமாகச் சுமார் 16,000 பேர் பனியிலும் தாக்குதலிலும் ஏறக்குறைய முற்றாக அழிந்தார்கள். ஏப்ரலில் ஷா ஷூஜா கொல்லப்பட்டார். அவருக்காக விரட்டப்பட்ட தோஸ்த் முகமதுவே மீண்டும் அரசரானார்.

இரண்டாம் முறை 1979 டிசம்பர். சோவியத் படை அப்போது ஆட்சியில் இருந்த ஹபிசுல்லா அமீனைக் கொன்றுவிட்டு பப்ராக் கார்மாலை அமர்த்தியது. அவர் சரிப்படவில்லை என்று 1986இல் அவரையும் மாற்றி நஜிபுல்லாவைக் கொண்டுவந்தது. 1989 பிப்ரவரியில் கடைசி சோவியத் சிப்பாய் வெளியேறியபோது நஜிபுல்லா சில மாதங்களில் விழுந்துவிடுவார் என்றே உலகம் கணித்தது. அவர் விழவில்லை. மூன்று ஆண்டுகள் நின்றார். பணமும் எரிபொருளும் ஆயுதமும் வடக்கிலிருந்து வந்துகொண்டிருந்தவரை அவருடைய படைகள் சண்டையிட்டன, அவர் விலைக்கு வாங்கிய குழுக்கள் அவர் பக்கமே இருந்தன. 1991 முடிவில் சோவியத் ஒன்றியமே இல்லாமல் போனது. சில மாதங்களில் வடக்கின் வலிமையான தளபதி தோஸ்தம் அணி மாறினார். 1992 ஏப்ரலில் நாட்டைவிட்டு வெளியேறக் காபூல் விமான நிலையத்துக்குப் போன நஜிபுல்லாவைத் தடுத்துத் திருப்பி அனுப்பியவர்கள் தோஸ்தமின் ஆட்கள்தான். அதன்பின் நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஐ.நா. வளாகத்தில் அடைக்கலம் இருந்தவரை, 1996 செப்டம்பரில் காபூலைப் பிடித்த தாலிபான்கள் இழுத்துவந்து கொன்றார்கள்.

மூன்றாம் முறை நம் கண்முன் நடந்தது. 2001இல் அமெரிக்கா தாலிபான் ஆட்சியைக் கவிழ்த்தது. அந்த டிசம்பரில் ஆப்கன் தரப்புகள் ஜெர்மனியின் பான் நகரில் கூடி ஹமீத் கர்சாய் தலைமையில் இடைக்கால அரசை அமைத்தன. பாதுகாப்பு, உள்துறை, வெளியுறவு மூன்றும், தாலிபான்களை எதிர்த்துப் போரிட்ட வடக்குக் கூட்டணியின் கைக்குப் போயின. தோற்ற தாலிபான்களுக்கு அந்த மேசையில் நாற்காலி இல்லை. அது தவறு என்று அந்த மாநாட்டை நடத்திய ஐ.நா. தூதர் லக்தார் பிராஹிமியே பின்னாளில் ஒப்புக்கொண்டார். அரசமைப்புச் சட்டம் வந்தது, தேர்தல்கள் வந்தன, பெண்கள் பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் போனார்கள். அந்த இருபது ஆண்டுகளில் படித்து வளர்ந்த பெண்களுக்கு அது ஒரு முழு வாழ்க்கை. ஆனால் அரசின் செலவில் ஏறக்குறைய முக்கால் பங்கு வெளிநாட்டு மானியத்தில் ஓடியது. சம்பளப் பட்டியலில் இருந்த சிப்பாய்களில் பலர் காகிதத்தில் மட்டுமே இருந்தார்கள், அவர்கள் பெயரில் வந்த பணம் தளபதிகளின் பைக்குப் போனது. தன் குடிமக்களிடம் வரி வாங்காத அரசு அவர்களுக்குக் கணக்குச் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லாமல் போகிறது. அது வாஷிங்டனுக்குக் கணக்குச் சொன்னது. 2021 ஆகஸ்ட் 15 அன்று அதிபர் அஷ்ரப் கனி ஹெலிகாப்டரில் ஏறிப் போனபோது, காபூலைக் காக்கச் சண்டை ஏதும் நடக்கவில்லை.

வெளியிலிருந்து வந்தவரும் வேரூன்ற முடியும் என்பதற்கு ஹங்கேரி ஓர் உதாரணம். 1956 நவம்பரில் சோவியத் டாங்கிகளோடு வந்த யானோஷ் காதார் தொடக்கத்தில் மக்களால் வெறுக்கப்பட்டவர். எழுச்சியின் பிரதமராக இருந்த இம்ரே நாகியை 1958இல் தூக்கிலிட்ட ஆட்சி அவருடையது. பிறகு அவர் பாதையை மாற்றினார். 1963இல் பொதுமன்னிப்பு அறிவித்தார், கடைகளில் பொருள் கிடைக்கும்படி செய்தார், எதிர்க்காதவர்கள் எல்லோரும் எங்களோடு இருப்பவர்களே என்றார். 1988 வரை ஆண்டார். அதை ஜனநாயகம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் தன்னை அமர்த்தியவரிடமிருந்து கொஞ்சம் இடம் வாங்கி அந்த இடத்தை மக்களுக்காகச் செலவழிக்கத் தெரிந்தவர் நீடிப்பார் என்பதை அது காட்டுகிறது.

ஜப்பானையும் ஜெர்மனியையும் காட்டுபவர்களுக்கு

ஒவ்வொரு கவிழ்ப்புக்கு முன்னும் இந்த இரண்டு நாடுகளை யாராவது உதாரணம் காட்டாமல் இருப்பதில்லை. அங்கே முடிந்தது, இங்கே ஏன் முடியாது என்று கேட்பார்கள். அங்கே என்ன நடந்தது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும்.

ஜப்பானில் 1945இல் கலைக்கப்பட்டது ராணுவம். ஆனால் அரசு கலைக்கப்படவில்லை. பேரரசர் ஹிரோஹிட்டோ அரியணையில் இருந்தார். அமைச்சகங்கள் இருந்தன, கிராம அலுவலகங்கள் இருந்தன. ஆக்கிரமிப்புப் படையின் அமெரிக்கத் தளபதி மெக்ஆர்தரின் தலைமையகம் கொடுத்த ஆணைகளை ஜப்பானிய அதிகாரிகளே நிறைவேற்றினார்கள். படைவீரர்களை வீட்டுக்கு அனுப்பும் வேலையைக்கூட ஜப்பானிய அரசே தன் கைப்பட ஒழுங்காகச் செய்தது. மேலும் நாடாளுமன்றம் அவர்களுக்குப் புதிதில்லை. 1890 முதல் அது இருந்தது, 1925இல் வயது வந்த ஆண்கள் அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்திருந்தது. அமெரிக்கர்கள் எழுதிக்கொடுத்த அரசமைப்பு 1947 மே 3 அன்று நடைமுறைக்கு வந்தபோது அதை இயக்கத் தெரிந்த கட்சிகளும் அரசியல்வாதிகளும் அங்கே இருந்தார்கள். நிலச் சீர்திருத்தம் குத்தகை விவசாயிகளைச் சொந்தக்காரர்களாக்கியது, அவர்களுக்குப் புதிய ஏற்பாட்டைக் காப்பாற்ற ஒரு காரணம் கிடைத்தது.

மேற்கு ஜெர்மனியும் மேலிருந்து தொடங்கப்படவில்லை. அமெரிக்கப் பகுதியில் 1946 ஜனவரியிலேயே சிற்றூர்களில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. பிறகு மாநிலங்கள், அதன் பிறகே 1949 மே மாதம் அடிப்படைச் சட்டம். முதல் பிரதமர் அடினாயர், நாஜிகளுக்கு முன் பதினாறு ஆண்டுகள் கொலோன் நகர மேயராக இருந்தவர். அவரை யாரும் விமானத்தில் கொண்டுவந்து இறக்கவில்லை.

இந்த வெற்றிக்கு ஒரு விலை இருந்தது. அதைப் பேசாமல் இந்த உதாரணத்தைக் காட்டுவது நேர்மையாகாது. ஜப்பானில் சுமார் இரண்டு லட்சம் பேர் பொதுப்பதவிகளிலிருந்து விலக்கப்பட்டார்கள், அவர்களில் பெரும்பாலோர் ராணுவத்தினர். ஆக்கிரமிப்பு முடிவதற்குள் அநேகமாக எல்லோருக்கும் தடை நீங்கிவிட்டது. போர்க்குற்றச் சந்தேகத்தில் சிறையில் இருந்து, விசாரணையே இன்றி 1948இல் வெளியே வந்த நோபுசுகே கிஷி 1957இல் பிரதமரானார். ஜெர்மனியில் நாஜிகளின் இனச் சட்டங்களுக்கு விளக்கவுரை எழுதியவர்களில் ஒருவரான ஹான்ஸ் குளோப்கே அடினாயர் அலுவலகத்தின் தலைமைச் செயலராக அமர்ந்தார். 1951இல் வந்த ஒரு சட்டம், விலக்கப்பட்டிருந்த பழைய அரசு ஊழியர்கள் பெரும் எண்ணிக்கையில் வேலைக்குத் திரும்ப வழிவகுத்தது. சம்பளப் பட்டியலைக் காப்பாற்றினார்கள். அதனால் நாடு ஓடியது. அந்தப் பட்டியலில் கொலைகாரர்களும் இருந்தார்கள். முகாமிலிருந்து பிழைத்துவந்த ஒருவர் தன் ஓய்வூதிய மனுவோடு போய் நின்றால், மேசைக்கு அந்தப் பக்கம் யார் உட்கார்ந்திருப்பார் என்று சொல்ல முடியாத நிலை.

இந்த இடத்தில் எனக்கு எளிய விடை கிடையாது. பழைய அதிகாரிகளை வைத்துக்கொண்டால் நீதி தள்ளிப்போகிறது, சில சமயம் வராமலே போகிறது. எல்லோரையும் துரத்தினால் அரசு விழுந்து, நீதி வழங்குவதற்கான நீதிமன்றமே இல்லாமல் போகிறது. யாரைத் துரத்துவது என்பதைத் தனித்தனி ஆளாகப் பார்த்து, அவரவர் செய்ததை வைத்து முடிவெடுப்பது மட்டுமே இதில் ஓரளவு தாங்கக்கூடிய வழி. அதற்குக் காலமும் பொறுமையும் கோப்புகளைப் படிக்கத் தெரிந்த உள்ளூர் ஆட்களும் வேண்டும். கவிழ்த்தவர்களிடம் இந்த மூன்றும் ஒருசேர இருந்ததை நான் அரிதாகவே காண்கிறேன்.

இராக்: பங்குபோட்ட அரசு

மறுபடி பாக்தாதுக்கு வருவோம். ஏப்ரல் 9 அன்று நகரம் வீழ்ந்தது. அடுத்த சில நாட்களில் பெரும்பாலான அமைச்சகக் கட்டடங்கள் சூறையாடப்பட்டன. எண்ணெய் அமைச்சகத்துக்கு மட்டும் அமெரிக்கப் படையின் காவல் இருந்தது. அதைப் பார்த்த இராக்கியர்கள் தங்களுக்குரிய முடிவுக்கு வந்தார்கள். அமெரிக்கா முதலில் நிர்வாகப் பொறுப்பில் வைத்த ஜே கார்னர், மேல்தட்டை நீக்கிவிட்டு மீதியை வைத்துக்கொண்டு ஓட்டலாம் என்று எண்ணினார். மே மாதம் அவர் இடத்துக்கு வந்த பால் பிரெமர் அதை ஏற்கவில்லை. மே 16 அன்று முதல் உத்தரவு: கவிழ்க்கப்பட்ட சதாம் உசேனின் பாத் கட்சியின் மேல் நான்கு நிலைகளில் இருந்த எவருக்கும் இனி அரசு வேலை இல்லை. அமைச்சகங்கள், மருத்துவமனைகள், பல்கலைக்கழகங்கள் ஆகியவற்றின் மேல் மூன்று அடுக்குப் பதவிகளில் கட்சியின் முழு உறுப்பினர் எவரும் இருக்கக் கூடாது. பதவி உயர்வுக்காகக் கட்சி அட்டை வாங்கிய தலைமை ஆசிரியரும் சித்திரவதைக் கூடத்தை நடத்தியவரும் ஒரே பட்டியலில் சேர்ந்தார்கள். ஒரு வாரம் கழித்து ராணுவக் கலைப்பு.

சட்டப்படி இது எப்படிச் செல்லும் என்ற கேள்வியும் உண்டு. போர் நடத்தை பற்றிய 1907ஆம் ஆண்டின் ஹேக் விதிகளின் 43ஆம் பிரிவு, ஆக்கிரமித்த நாடு பொது ஒழுங்கைக் காக்க வேண்டும் என்றும், முற்றிலும் இயலாத நிலை இருந்தாலொழிய அந்நாட்டில் ஏற்கெனவே உள்ள சட்டங்களை மதிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அதாவது ஆக்கிரமிப்பாளர் ஒரு காவலாளி, வீட்டை இடித்துக் கட்ட அவருக்கு உரிமை கிடையாது. ராணுவக் கலைப்புக்கு முந்தைய நாள்தான் ஐ.நா. பாதுகாப்பு மன்றம், அமெரிக்காவையும் பிரிட்டனையும் ஆக்கிரமிப்பு நாடுகளாக ஏற்று, அதற்குரிய கடமைகளை நினைவூட்டித் தீர்மானம் 1483ஐ நிறைவேற்றியிருந்தது.

ஜூலையில் 25 பேர் கொண்ட ஆளும் குழுவை அமைத்தார்கள். 13 ஷியாக்கள், 5 சுன்னி அரபிகள், 5 குர்துகள், ஒரு துருக்மேன், ஓர் அசீரியக் கிறிஸ்தவர். மக்கள்தொகைக் கணக்கை வைத்து நியாயமாகப் பிரித்ததாகவே அமைத்தவர்கள் நம்பினார்கள். ஆனால் அன்று முதல் இராக்கில் அரசியல் செய்ய வேண்டுமானால், முதலில் நீ எந்தப் பிரிவு என்று சொல்ல வேண்டும் என்பது விதியாகிப்போனது. தங்களை வெறும் இராக்கியராக நினைத்தவர்களுக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. பிறகு அதிபர் குர்து, பிரதமர் ஷியா, நாடாளுமன்றத் தலைவர் சுன்னி என்ற வழக்கம் உறுதிப்பட்டது. ‘முஹாசசா’ என்று இராக்கியர்கள் அழைக்கும் இந்தப் பங்கீட்டில் அமைச்சகங்கள் கட்சிகளின் சொத்தாயின. எந்தக் கட்சிக்கு எந்த அமைச்சகமோ, அதில் அந்தக் கட்சி ஆட்களுக்கு வேலை. அரசுச் சம்பளப் பட்டியல் பல மடங்கு பெருத்தது, மின்சாரம் மட்டும் வரவில்லை.

தேர்தல் இவ்வளவு சீக்கிரம் நடந்ததற்குக் காரணம் அமெரிக்கர்கள் இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். அரசமைப்பை எழுதுபவர்கள் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களாக இருக்க வேண்டும் என்று நஜஃபிலிருந்து ஷியா மதத் தலைவர் ஆயத்துல்லா சிஸ்தானி 2003 ஜூனில் அறிவித்தார். தெருவில் இறங்கிய மக்கள் அதை உறுதிப்படுத்தினார்கள். 2005 ஜனவரித் தேர்தல் அந்த வலியுறுத்தலின் விளைவு. கவிழ்த்தவர்கள் போட்ட திட்டத்தை உள்நாட்டுக் குரல் ஒன்று மாற்றி எழுதியது. வாஷிங்டனில் பல ஆண்டுகளாக ஆட்சி மாற்றத்துக்கு ஆள் திரட்டிய, நாடு கடந்து வாழ்ந்த அகமது சலபியின் கட்சியோ, அதே ஆண்டு டிசம்பரில் நடந்த தேர்தலில் ஓர் இடம்கூட வெல்லவில்லை. நாட்டை விட்டுப் போய் முப்பது, நாற்பது ஆண்டுகள் ஆனவர்கள் மனத்தில் வைத்திருப்பது அவர்கள் விட்டுப்போன நாட்டை. அவர்களுடைய துயரம் உண்மையானது. ஆனால் வெளிநாட்டு அமைச்சர்கள் அந்தத் துயரத்தை உள்நாட்டு நிலவரத்தின் அறிக்கையாக எடுத்துக்கொள்கிறார்கள்.

துரத்தப்பட்ட அதிகாரிகளில் சிலர் கிளர்ச்சிக் குழுக்களில் சேர்ந்தார்கள். 2014 ஜூனில் மோசுல் நகரத்தைப் பிடித்த ஐ.எஸ். அமைப்பின் தலைமையில் பழைய இராக் ராணுவத்தின் அதிகாரிகள் இருந்தார்கள். இன்னொரு பக்கம், அண்டை நாடான ஈரான், சதாம் காலத்தில் தன் மண்ணில் அடைக்கலம் கொடுத்து வளர்த்த கட்சிகளின் வழியே பாக்தாதில் செல்வாக்குப் பெற்றது. கவிழ்த்த நாடு ஒருநாள் ஊருக்குத் திரும்பிவிடும். அண்டை நாடு அங்கேயேதான் இருக்கும், காத்திருக்க அதற்குத் தெரியும்.

இன்றைய இராக்கில் தேர்தல் நடக்கிறது, பிரதமர்கள் பதவியிழந்து உயிரோடு வீட்டுக்குப் போகிறார்கள். சதாம் காலத்தோடு ஒப்பிட்டால் அது சிறிய மாற்றமே என்று சொல்லத் துணிய மாட்டேன். ஆனால் 2019 அக்டோபரில் ‘எங்களுக்கு ஒரு தாய்நாடு வேண்டும்’ என்று பாக்தாதிலும் தெற்கு நகரங்களிலும் திரண்ட இளைஞர்கள் எதிர்த்தது 2003இல் போட்ட அந்தப் பங்கீட்டைத்தான். அவர்களில் நூற்றுக்கணக்கானோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

சிறிய நாடுகள், வேறு கதைகள்

எல்லாமே பாழாய்ப்போனது என்றும் சொல்ல முடியாது. 1989 டிசம்பரில் அமெரிக்கப் படை பனாமாவில் நுழைந்தபோது, பதவியேற்க ஒருவர் தயாராக இருந்தார். அந்த ஆண்டு மே மாதம் நடந்து, ராணுவ ஆட்சியாளர் நொரியேகா செல்லாது என்று அறிவித்த தேர்தலில் முன்னணியில் இருந்த கில்லெர்மோ என்டாரா. படையெடுப்புக்குச் சில மணி நேரம் முன்பு அமெரிக்கத் தளம் ஒன்றில் பதவிப்பிரமாணம் செய்துகொண்டார் என்பது அவருக்கு இழுக்காகவே இருந்தது. ஆனாலும் மக்களின் ஓட்டு அவர் கையில் இருந்தது. ராணுவத்தை அங்கும் கலைத்தார்கள், ஆனால் அதில் இருந்தவர்களைக் கொண்டே புதிய போலீஸ் படையை அமைத்தார்கள். நான்கு லட்சம் பேரைத் தெருவில் விட்ட பாக்தாதோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1983இல் அமெரிக்கப் படை நுழைந்த கிரெனடாவிலும், அரசமைப்புப்படி பதவியில் இருந்த தலைமை ஆளுநர் இடைக்கால அரசை நியமித்து, அடுத்த ஆண்டே தேர்தல் நடந்தது. இரண்டும் மிகச் சிறிய நாடுகள், ஏற்கெனவே தேர்தல் பழகியவை.

ஹெய்டி அவ்வளவு கொடுத்துவைக்கவில்லை. மக்கள் தேர்ந்தெடுத்த அரிஸ்டீடை 1994இல் அமெரிக்கப் படை திரும்பக் கொண்டுவந்து அமர்த்தியது. அவர் ராணுவத்தைக் கலைத்தார். 2004இல் அவரை விரட்டிய கிளர்ச்சியில் அந்தப் பழைய சிப்பாய்கள் முன்வரிசையில் நின்றார்கள்.

உகாண்டாவில் 1979 ஏப்ரலில் தான்சானியப் படை இடி அமீனை விரட்டியது. பின் இருபது மாதங்களில் நாடு நான்கு ஆட்சிகளைக் கண்டது. முதலாமவர் யூசுப் லூலே 68 நாட்கள்தான் இருந்தார். 1980 டிசம்பரில் சர்ச்சைக்குரிய தேர்தலில் முன்னாள் அதிபர் ஒபோட்டே திரும்பினார், அதை ஏற்காத முசேவேனி காட்டுக்குள் போனார், 1986இல் ஆட்சியைப் பிடித்தார்.

கம்போடியா நம் மனசாட்சியைச் சோதிக்கும் உதாரணம். 1979 ஜனவரி 7 அன்று வியட்நாம் படை புனோம் பென்னில் நுழைந்திராவிட்டால், போல் பாட் ஆட்சி இன்னும் எத்தனை பேரைக் கொன்றிருக்கும் என்று சொல்ல முடியாது. அந்த ஆட்சியில் பதினைந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். கவிழ்ப்பு அந்தக் கொலைகளை நிறுத்தியது. அதன்பின் வியட்நாம் அமர்த்திய கட்சியே இன்றுவரை ஆள்கிறது. 1985இல் பிரதமரான ஹுன் சென், 1993இல் ஐ.நா. நடத்திய தேர்தலில் தன் கட்சி இரண்டாம் இடம் வந்தபோதும் பதவியை விடாமல் இரண்டாம் பிரதமர் என்ற பட்டத்தோடு ஒட்டிக்கொண்டார். 2023இல் மகனிடம் பதவியை ஒப்படைத்தார். கிராமம்வரை அதிகாரிகளும் போலீசும் அவர் கட்சியின் கையில் இருந்ததால், தேர்தல் முடிவால் அதை அசைக்க முடியவில்லை.

லிபியா: வங்கிக்கான போர்

2011 மார்ச் 17 அன்று ஐ.நா. பாதுகாப்பு மன்றம், லிபிய மக்களைக் காக்க வான்வழித் தலையீட்டுக்கு அனுமதி கொடுத்தது. அக்டோபர் 20 அன்று கடாபி கொல்லப்பட்டார். நேட்டோ விமானங்கள் திரும்பிப் போயின. தரையில் ஆக்கிரமிப்புப் படை இல்லை. இராக்கின் தவறு இங்கே நிகழாது என்று மகிழ்ந்தவர்கள் உண்டு. ஆனால் வானிலிருந்து ஓர் ஆட்சியைக் கவிழ்க்கலாம், வானிலிருந்து ஒரு காவல் நிலையத்தைத் திறந்துவைக்க முடியாது. கடாபி நாற்பத்திரண்டு ஆண்டுகளில் கட்சியோ, சங்கமோ, சுயமான ராணுவமோ வளரவிட்டதில்லை. அவர் போனதும் எஞ்சியவை ஊர்ப் படைகளும் எண்ணெய்ப் பணமும்.

இடைக்கால அரசு, கடாபியை எதிர்த்துச் சண்டையிட்ட போராளிகளுக்கு மாதப்பணம் கொடுத்து அவர்களை வசப்படுத்தப் பார்த்தது. உண்மையில் போரிட்டவர்களைவிடப் பல மடங்கு ஆட்கள் போராளிகளாகப் பதிந்துகொண்டார்கள். குழுக்கள் கலையவில்லை, அரசுச் செலவில் பெருத்தன. 2012 ஜூலையில் நடந்த தேர்தலில் மக்கள் உற்சாகமாக வாக்களித்தார்கள். அடுத்த ஆண்டு மே மாதம், ஆயுதக் குழுக்கள் அமைச்சகங்களை முற்றுகையிட்டு நிற்க, நாடாளுமன்றம் ‘அரசியல் விலக்கல் சட்டத்தை’ நிறைவேற்றியது. கடாபி காலத்தில் பொறுப்பில் இருந்த எவரும் இனி பதவி வகிக்க முடியாது. நாட்டின் பிரதிநிதிகளாக இருந்து ஐ.நா.வில் கடாபியை முதலில் எதிர்த்துப் பேசியவர்கள்கூட அந்த வரையறைக்குள் சிக்கினார்கள். 2014இல் அரசு இரண்டாக உடைந்தது: திரிபோலியில் ஒன்று, கிழக்கே தொப்ரூக்கில் ஒன்று.

அத்தனைக்குப் பிறகும் நாடு முழுதாகப் பிளந்துபோகவில்லை. அதற்கு முக்கியக் காரணம் திரிபோலியில் இருந்த மத்திய வங்கி. எண்ணெய் விற்ற பணம் அங்கே வந்துசேர்ந்தது. அந்த வங்கி கிழக்கு, மேற்கு என்று பார்க்காமல் இரு பக்கத்து ஆசிரியர்களுக்கும் செவிலியர்களுக்கும் சம்பளம் அனுப்பியது. ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருந்த இரு தரப்புப் படையினருக்கும் அது சம்பளம் அனுப்பிய காலம் உண்டு. 2016இல் கிழக்குப் பகுதி தனி வங்கி நிர்வாகம் வைத்துக்கொண்டு ரஷ்யாவில் அச்சடித்த நோட்டுகளைப் புழங்கவிட்டபோதும், பெரும்பகுதிச் சம்பளம் திரிபோலியிலிருந்தே போனது.

எனவே இனி எங்காவது ஓர் ஆட்சி வெளிநாட்டுக் குண்டுவீச்சில் ஆட்டம் காணும்போது, தொலைக்காட்சியில் தோன்றும் நாடு கடந்த தலைவரின் பேச்சைவிட வேறு சிலவற்றைக் கவனிப்பது பயன்தரும். பழைய அலுவலகங்களின் ஊழியர்களை மறுநாள் வேலைக்கு வரச் சொல்கிறார்களா? மத்திய வங்கியின் சாவி யாரிடம் இருக்கிறது? சிப்பாய்களை வீட்டுக்கு அனுப்புகிறார்களா, முகாமில் இருத்திக் கணக்கெடுக்கிறார்களா? ஏற்கெனவே ஒரு தேர்தலில் வென்றவர் யாராவது உள்ளே உயிரோடு இருக்கிறாரா? தோற்றவர்களுக்கு மேசையில் இடம் உண்டா? அண்டை நாடுகள் என்ன சொல்கின்றன? புதிய அரசின் வரவுசெலவில் எத்தனை பங்கு தன் மக்களின் வரி, எத்தனை பங்கு வெளியார் பணம்? கவிழ்த்த நாட்டின் நோக்கம் நல்லதா கெட்டதா என்பதைவிட இந்தப் பதில்கள் பிறக்கப்போகும் அரசைப் பற்றி அதிகம் சொல்கின்றன.

லிபியாவில் அந்தப் போட்டி இன்னும் ஓயவில்லை. 2024 ஆகஸ்டில், பத்தாண்டுகளுக்கு மேல் மத்திய வங்கியின் ஆளுநராக இருந்த சித்திக் அல் கபீரைத் திரிபோலியின் அதிபர் மன்றம் நீக்கியது. கிழக்கு அரசு பதிலுக்கு எண்ணெய் உற்பத்தியை நிறுத்தியது. வங்கிப் பரிவர்த்தனைகள் முடங்கின. ஐ.நா. நடுவில் நின்று, செப்டம்பர் இறுதியில் இரு தரப்பும் ஒப்புக்கொண்ட புதிய ஆளுநரை நியமித்த பிறகே எண்ணெய் மறுபடி பாய்ந்தது. கடாபி கொல்லப்பட்டு அப்போது பதின்மூன்று ஆண்டுகள் ஆகவிருந்தன. அவருக்குப் பின் ஒரே ஓர் அரசு இன்னும் அமையவில்லை.